அக்காவுக்கு ஜன்னல் சீட்டு, மருமகனுக்கு கேமரா: நீராவி ரயிலுக்கு எங்கே போவது?

ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது. சேலத்துக்காரனாகப் பிறந்து ரயில் பைத்தியமும் பிடித்தவனுக்கு இது தீராத குறை. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், ஏரியில் படகு விட்டார்கள். தண்டவாளம் மட்டும் ஏறவே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் தலைசுற்றிக்கொண்டேதான் ஏறணும்.

போன மாதம் ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் உட்கார்ந்து கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பேச்சு வந்தது. அக்கா மகன் புதிதாக ஒரு கேமரா வாங்கியிருந்தான். "மாமா, ஸ்டீம் இன்ஜினை ஓடுற நிலையில எடுக்கணும். நாலு நாள் லீவு போட முடியும். ஊட்டியா, டார்ஜிலிங்கா?" நான் வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "எங்க போனாலும் என்னையும் கூட்டிட்டுப் போடா. எனக்கு அந்த ரயில்ல ஜன்னலோரம் உக்காரணும்."

சிக்கலே இதுதான். ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவர் அந்த ரயிலைப் படம் எடுக்க முடியாது. வளைவில் தலையை நீட்டினால் நாலைந்து பெட்டியும் கொஞ்சம் புகையும் கிடைக்கும், அவ்வளவுதான். பயணம் என்பது ஒரு காரியம், படம் எடுப்பது வேறொரு காரியம். ஊர்ப் பெயரை வைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் மறந்தேன். முதல் முறை நீலகிரி ரயிலில் போய்விட்டு இருநூறு படத்தோடு திரும்பினேன். அதில் இன்ஜின் இருந்தது ஏழே படத்தில். மீதியெல்லாம் எதிர் சீட்டுக்காரரின் தொப்பியும் குகை வாயிலும்.

முதலில் நம்ம ரயில். "நம்ம" என்று உரிமையோடு சொல்லலாம். 2007 நவம்பரில் சேலம் ரயில்வே கோட்டம் பிரிந்தபோது மேட்டுப்பாளையம் - உதகமண்டலம் பாதையும் இந்தக் கோட்டத்துக்கே வந்தது. யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பாதையை நிர்வகிக்கும் அலுவலகம் நம்ம ஊரில் இருக்கிறது என்பது பக்கத்துத் தெருக்காரருக்கே தெரியாது.

46 கிலோமீட்டர் பாதை, மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,200 மீட்டருக்கு ஏறுகிறது. 16 குகைகள், 250 பாலங்கள். குன்னூர் வரை 1899-ல் ஓடத் தொடங்கியது, ஊட்டிப் பக்கம் 1908-ல் நீண்டது. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் 12 அடிக்கு 1 அடி என்ற கணக்குக்குப் போய்விடும். அதில் வழுக்கும் சக்கரத்தை நம்பி ஏற முடியாது. அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரட்டைப் பட்டை ஓடுகிறது. ஒரு பட்டையின் பல்லுக்கு நேராக அடுத்த பட்டையில் பள்ளம் வரும்படி தள்ளித் தள்ளி அமைத்தது ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் யோசனை. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் இந்தப் பட்டையைக் கடித்துக் கடித்து ஏறும். இன்ஜினில் நாலு சிலிண்டர். சாதாரணச் சக்கரத்தைத் தள்ளி முடித்த நீராவியே மிச்ச அழுத்தத்தோடு பற்சக்கரத்துக்கான சிலிண்டருக்குப் போகும். கருப்பட்டிக் காப்பியை வடிகட்டி மறுபடி ஒரு தண்ணி விடுவது போல, வீண் என்பதே கிடையாது.

படம் எடுப்பவன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இனிமேல்தான். ஏறும்போது இன்ஜின் ரயிலுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. ஏதாவது கழன்றாலும் பெட்டிகள் பள்ளத்தில் உருளாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். அதன் மூஞ்சி மேட்டுப் பக்கம் பார்த்திருக்கும். பாய்லரைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினால் தண்ணீர் முன்னால் ஓடி, அடுப்பின் கூரை காய்ந்துபோகும் ஆபத்து உண்டு. ஆகவே ஏறும் ரயிலை எதிரில் நின்று எடுத்தால் முதலில் தெரிவது பெட்டி, பெட்டியின் முன் திண்ணையில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன். இன்ஜின் வாலில் ஒளிந்திருக்கும். இறங்கும்போது இன்ஜின் முன்னால் வரும், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு வரும். காலண்டரில் பார்க்கிற மாதிரி புகைபோக்கி முன்னால், பெட்டி பின்னால் என்ற படம் இந்த மலையில் கிடைக்கவே கிடைக்காது. தெரியாமல் போனால் ஏமாற்றம், தெரிந்து போனால் அதுவே இந்தப் பாதையின் அழகு.

அப்படியென்றால் மூஞ்சி எங்கே கிடைக்கும்? மேட்டுப்பாளையத்தில் காலை ஆறரைக்கு, ஷெட்டிலிருந்து இன்ஜின் தனியாக வந்து பெட்டியோடு சேர்கிற சில நிமிடங்களில். பிறகு குன்னூரில், பெட்டியைக் கழற்றிவிட்டு ஷெட்டுக்கு ஒதுங்கும்போது. குன்னூருக்கு மேலே பல் பட்டை கிடையாது, பெரும்பாலும் டீசல் இன்ஜின்தான் வேலை செய்யும். நீராவிக்காகப் போகிறவர்கள் குன்னூரோடு இறங்கிவிடலாம். ஊட்டி வரை போனால்தான் போனமாதிரி என்று நினைப்பவர்கள் போகட்டும், கேத்தி பள்ளத்தாக்கு பார்க்க நன்றாகவே இருக்கும். கேமரா மட்டும் பைக்குள் இருக்கட்டும்.

சேலத்திலிருந்து இதற்கு இருக்கும் வசதி வேறு எதற்கும் இல்லை. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் நள்ளிரவு தாண்டி சேலம் ஜங்ஷனுக்கு வரும். ஏறிப் படுத்தால் விடியும்போது மேட்டுப்பாளையம். காலை 7.10-க்கு மலை ரயில் கிளம்புகிறது. காரில் போனால் அவினாசி, அன்னூர் வழி. ஆனால் சொந்த வண்டியில் நீலகிரி ஏற 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம், அதை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு கிளம்பணும்.

ரயில் மெதுவாகப் போகிறது என்பது கேமராக்காரனுக்குக் கிடைத்த வரம். ஊட்டி போய்ச் சேர ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, இறங்க மூன்றரை மணி சொச்சம். குன்னூருக்கு மட்டுமே மூன்று மணி நேரம் ஆகும். ரோட்டில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரம். அதாவது அக்காவை ரயிலில் ஏற்றிவிட்டு, இன்ஜின் பெட்டியோடு சேர்வதை எடுத்து, பவானிப் பாலத்தில் ஒரு படம், கல்லாறு பாக்குத் தோப்பு ஓரத்தில் ஒரு படம் என்று முடித்து, டீ குடித்துவிட்டு மலை ஏறினாலும் ரயிலுக்கு முன்னால் குன்னூரில் போய் நிற்கலாம். வழியில் சில வளைவுகளில் பள்ளத்தாக்குக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கோடாகப் புகை தெரியும். அதற்கு நீளமான லென்ஸ் வேண்டும், பொறுமை அதைவிட நீளமாக வேண்டும். ஹில்குரோவ், ரன்னிமீட் போன்ற காட்டு ஸ்டேஷன்களில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும். அந்தப் படங்கள் ரயிலில் போகிறவருக்கு மட்டும்தான். அக்கா கையில் ஒரு செல்போன் கொடுத்து, "தண்ணி பிடிக்கும்போது எடு, குரங்கைப் பார்த்துக்கோ" என்று சொல்லி அனுப்பலாம்.

குறை சொல்லணும் என்றால் மூன்று. ஒரு நாளைக்கு நீராவி வண்டி ஏற ஒன்று, இறங்க ஒன்று. தவறவிட்டால் அன்றைக்குக் கதை முடிந்தது. மேலே போகும் டிக்கெட்டுக்கு அடிதடி, இறங்குவதற்கு அவ்வளவு இல்லை. மூன்றாவது எரிபொருள். பழைய இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை, நிலக்கரியில் ஓடியவை. திருச்சி பொன்மலைப் பட்டறையில் பின்னால் செய்த புதிய இன்ஜின்களில் எண்ணெயில் எரிபவை உண்டு, 2021-ல் நிலக்கரியில் எரியும் ஒன்றும் அங்கேயே செய்து அனுப்பினார்கள். எண்ணெய் இன்ஜினில் புகை மெலிசு. கரிப்புகை பின்னிப் பின்னிப் போகும் படம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு, அன்றைக்கு எது மாட்டியிருக்கிறது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

டார்ஜிலிங் வேறு ஜாதி. அங்கே பல் பட்டை இல்லை. 2 அடி அகலத் தண்டவாளம், 1881-ல் முடிந்தது, யுனெஸ்கோ பட்டியலில் 1999-லேயே ஏறிவிட்டது. செங்குத்தான இடத்தை வட்டமடித்தும், முன்னும் பின்னுமாக இசட் போட்டும் ஏறுகிறது. இன்ஜின் முன்னால் நின்று இழுக்கும். அது ஒரு பொம்மை அளவு இன்ஜின், நாலே சக்கரம், அதன் மேல் தொற்றிக்கொண்டு ஒரு கூட்டம் வேலை செய்யும். ஒருவர் கரியை உடைப்பார், முன் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் ஈரத் தண்டவாளத்தில் கைநிறைய மணல் தூவுவார்கள். மனிதர்களைப் படம் எடுக்கப் பிடிப்பவனுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தண்டவாளம் ரோட்டோடு ஒட்டியே போகிறது. கடை வாசலில் காய்கறி நிறுக்கிறவரின் முழங்கையை உரசுகிற மாதிரி ரயில் போகும். காட்டுக்குள் ஒளிந்து போகும் நம்ம ரயிலைத் துரத்திய எனக்கு அங்கே போய் நின்றபோது, சந்தைக்குள் யானை நடப்பது போலத்தான் தோன்றியது.

இன்னொரு பெரிய சௌகரியம், டார்ஜிலிங்குக்கும் கூமுக்கும் இடையே ஒரே நாளில் பல நீராவி உலா வண்டிகள் ஓடும். ஒன்றில் அக்காவை உட்கார வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கலாம், அதற்கடுத்ததையும் எடுக்கலாம். பிழை செய்து திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது. கூம் 2,258 மீட்டர், இந்திய ரயில்வேயில் அதைவிட உயரமான ஸ்டேஷன் கிடையாது. வழியில் பதாசியா வளையத்தில் வண்டி சுற்றி வரும்போது, வானம் திறந்தால் பின்னால் காஞ்சன்ஜங்கா. அக்டோபர் கடைசியும் நவம்பரும் அதற்குத் தோதான காலம். மற்ற மாதங்களில் போய் வெள்ளைத் திரையை மட்டும் எடுத்து வந்தவர்கள் ஏராளம். நியூ ஜல்பைகுரியிலிருந்து 88 கிலோமீட்டர் முழுப் பாதையும் போகிற வண்டி பெரும்பாலும் டீசல்தான், நீராவிக்காக அதில் ஒரு நாளைச் செலவழிக்கத் தேவையில்லை.

ஆனால் தூரம். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் நம்ம சேலம் வழியாகத்தான் போகிறது. ஏறினால் நியூ ஜல்பைகுரிக்கு ஏறக்குறைய இரண்டு நாள். விமானத்தில் அந்தப் பக்கத்து பாக்டோக்ரா விமான நிலையத்துக்குப் போனாலும் சேலத்திலிருந்து நேராகப் போக முடியாது, வேறு ஊர் போய் மாறணும். நாலு நாள் லீவில் டார்ஜிலிங் என்பது போய் இறங்கிய களைப்பிலேயே திரும்புகிற கணக்கு. எட்டு நாள் இருந்தால் பேசலாம்.

ரேவாரி பற்றியும் மருமகன் கேட்டான். டில்லிக்குத் தென்மேற்கே 80 கிலோமீட்டர் தள்ளி, ஹரியானாவில், 1893-ல் கட்டிய பழைய ஷெட். அகலப் பாதையின் பெரிய இன்ஜின்களை உயிரோடு வைத்திருக்கும் இடம். மூக்கு உருண்டையான டபிள்யூ.பி. வகை அங்கே உண்டு, ஒரு காலத்தில் நம்ம ஜங்ஷன் வழியாகவும் எக்ஸ்பிரஸ்களை இழுத்துப் போன வகை. பிரச்சினை என்னவென்றால் அவை தினமும் ஓடுவதில்லை. ஷெட்டுக்குள் நிற்கும் இன்ஜினை எடுக்க இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. டில்லியில் வேறு வேலை இருந்து, வண்டி ஓடும் தேதியும் கூடி வந்தால் போகலாம். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

அதே கணக்குத்தான் சென்னைக்கும். இ.ஐ.ஆர். 21 என்ற இன்ஜின் 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் செய்தது, ஃபேரி குயின் என்ற புகழ்பெற்ற பழைய இன்ஜினுக்கு உடன்பிறப்பு. ஜமால்பூரில் நெடுங்காலம் காட்சிக்கு நின்றதை 2010-ல் பெரம்பூர் பட்டறையில் பழுது பார்த்து ஓட வைத்தார்கள். விசேஷ நாட்களில் சின்ன ஓட்டம் விடுவார்கள். அறிவிப்பு வந்தால் காலையில் சேலத்திலிருந்து கிளம்பி ராத்திரி திரும்பிவிடலாம், செலவு குறைவு. ஆனால் அன்றைக்கு அந்த இன்ஜினைச் சுற்றி நிற்கும் கூட்டம் தேர்த் திருவிழாக் கூட்டம். படத்தில் இன்ஜினைவிட உயர்த்திப் பிடித்த செல்போன்கள்தான் அதிகம் தெரியும். நான் ஒரு முறை போய் நின்று, முன்னால் நின்றவரின் குழந்தை தோளில் ஏறியதும் கேமராவை மூடிவிட்டு ஊதல் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தேன். அதுவும் மோசமில்லை.

ஓடாத இன்ஜினையே நிதானமாக எடுத்துப் பழக வேண்டும் என்றால் பெரம்பூர் ரயில் அருங்காட்சியகமோ திருச்சி அருங்காட்சியகமோ போதும். இணைப்புத் தண்டு எங்கே, சிலிண்டர் எங்கே என்று கண்ணுக்குப் பழகும்.

பருவம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். தீபாவளி லீவுக்கு நீலகிரி ரயில் என்று திட்டம் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து, பாறை விழுந்து, வண்டியை நாட்கணக்கில் நிறுத்துவது வருஷா வருஷம் நடக்கிற கதை. எனக்கே ஒரு முறை மேட்டுப்பாளையத்தில் போய் இறங்கிய பிறகுதான் ரத்து என்று தெரிந்தது. தங்கிய லாட்ஜில் முன்பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. சித்திரை, வைகாசியில் மழை பயம் குறைவு, ஆனால் கூட்டம், வெயில். வெயிலில் நீராவியே தெரியாது. நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து துளியான நீராவி. காற்று குளிராக இருந்தால்தான் அது மேகம் மாதிரி நிற்கும், சூட்டில் வந்த வேகத்தில் கரைந்துவிடும். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, தை பாதியிலிருந்து மாசி வரை, வார நாளில் போவதுதான் என் தேர்வு.

கேமரா விஷயத்தில் மருமகன் என்னைவிடக் கெட்டிக்காரன், இருந்தாலும் சொன்னேன். வெள்ளை நீராவியைப் பார்த்து வெளிச்சம் அளந்தால் இன்ஜின் கரிக்கட்டை ஆகிவிடும். இன்ஜினைப் பார்த்து அளந்தால் நீராவி சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். நீராவிக்கு விட்டுக்கொடுத்து, இருட்டை வீட்டுக்கு வந்து தூக்கிக்கொள்வது நல்லது. வெளுத்துப்போனதை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. வேகம் பற்றிக் கவலை வேண்டாம், பல் பட்டையில் வண்டி சைக்கிள் வேகம்தான். ஷட்டர் வேகம் 1/250 நொடி தாராளம். பெட்டி தெளிவாக இருந்து காடு மட்டும் ஓடுகிற மாதிரி வேண்டும் என்றால் 1/15 வரை இறங்கி, வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பணும். அதற்குக் கை பழகணும்.

அந்தப் பழக்கத்துக்கு மேட்டுப்பாளையம் போக வேண்டாம். சேர்வராயன் மலையின் வடக்கு அடிவாரத்தில் டேனிஷ்பேட்டைக்கும் லோகூருக்கும் நடுவே ரயில் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. மின்சார இன்ஜின்தான், புகை இல்லை, ஆனால் வளைவு வளைவுதான், மலை மலைதான். நாலு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பழகிவிட்டு நீலகிரிக்குப் போனால் ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு பதற்றப்பட வேண்டியதில்லை. தண்டவாளத்தில் மட்டும் இறங்கக் கூடாது. 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. அதைவிட முக்கியமாக, மின்சார வண்டி சத்தமில்லாமல் வரும். ரோட்டிலிருந்தும் பாலத்து ஓரத்திலிருந்தும் கிடைக்கும் படமே போதும். ஷெட்டுக்குள் போகணும் என்றால் கேட்டுவிட்டுப் போகணும். குன்னூரில் ஒரு முறை மரியாதையாகக் கேட்டேன், வேலியோரம் நின்று எடுக்கச் சொன்னார்கள். கேட்காமல் உள்ளே போன ஒருவரை வெளியே அனுப்பியதையும் அன்றைக்கே பார்த்தேன்.

கடைசியில் கணக்கு இப்படி முடிந்தது. நாலு நாள்தான் என்பதால் டார்ஜிலிங் போச்சு. ஓடும் இன்ஜின் வேண்டும் என்பதால் ரேவாரியும் அருங்காட்சியகங்களும் போச்சு. மேட்டுப்பாளையத்தில் ஒரு இரவு, குன்னூரில் ஒரு இரவு. முதல் நாள் மருமகன் பைக்கில், அக்கா ரயிலில். மறுநாள் இறங்கும் வண்டியில் மூன்று பேரும் சேர்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் போகிற இன்ஜினை வளைவுகளில் பார்த்துக்கொண்டு. பைக்கை குன்னூரிலிருந்து யார் கீழே கொண்டுவருவது என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிக்கெட் எடுத்த அன்று ராத்திரி அக்கா போன் செய்தாள். "தட்டுவடை செட் கட்டி எடுத்துட்டு வரட்டுமாடா? வழியில ஒண்ணும் கிடைக்காதே."

"ஹில்குரோவ்ல குரங்கு பிடுங்கிடும் அக்கா."

"அதுக்கும் சேர்த்துத்தான் கட்டறேன்" என்றாள்.